அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எங்கள் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் பெற்றோர் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கேயாவது ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த வாரம் என்றால் பேச்சு முழுக்க அதுதான். ஊரிலிருந்து தாத்தா பாட்டிகளும் போனில் அதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு சாய்வு உண்டு. "ஏன் செய்தான்?" என்று மாய்ந்து மாய்ந்து பேசுகிறோம். "கையில் துப்பாக்கி எப்படி வந்தது? இவன் செய்யப்போகிறான் என்று யாருக்கு முன்பே தெரியும்?" என்ற இரண்டைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் கட்சி. சுட்டவர்களின் பெயர் எங்கும் வராது. ஏன் என்பது 9ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. என் பேத்தி டெக்சாஸில் படிக்கிறாள். டிவியைப் போட்டாலே இந்தச் செய்திதான். தினமும் இப்படியா நடக்கிறது?

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பள்ளி வளாகத்தில் யாராவது துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும், சுட்டாலும், வெளியே சுட்ட தோட்டா வந்து சுவரில் பட்டாலும் கணக்கில் சேர்க்கும் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. அதன்படி 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு 300க்கு மேல். ராத்திரி கார் பார்க்கிங்கில் நடந்த அடிதடி, தற்கொலை, கை தவறி வெடித்தது எல்லாம் இதில் அடக்கம். நீங்கள் பயப்படுவது, ஒருவன் திட்டமிட்டு உள்ளே நுழைந்து கண்ணில் பட்டவர்களைச் சுடுவது. அது ஆண்டுக்கு ஒரு சில.

2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் "இந்த ஆண்டின் 18ஆவது பள்ளித் துப்பாக்கிச் சூடு" என்று ஒரு செய்தி பரவியது. மூடிக் கிடந்த ஒரு பள்ளியின் பார்க்கிங்கில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதும் அந்தப் பதினெட்டில் ஒன்று. இப்படி எண்ணிக்கையை ஊதினால் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் அந்த ஓட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தப் பேச்சையும் தள்ளிவிடுவார்கள்.

பிள்ளைகள் கொலையாவதில் பள்ளியில் நடப்பவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஆனால் 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்களும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும். அதனால் பேத்திக்குப் பள்ளி ஆபத்தான இடம் என்று நினைக்காதீர்கள். அதே சமயம், 1999க்குப் பிறகு தங்கள் பள்ளியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இருந்த மாணவர்கள் 3.5 லட்சத்துக்கும் மேல் என்பது வாஷிங்டன் போஸ்ட் கணக்கு. அடிபடாமல் தப்பிய பிள்ளைக்கும் அது லேசான விஷயம் இல்லை.

2. கொலம்பைன்தான் முதல் சம்பவமா?

இல்லை. 1966இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டான். 1989இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப்பள்ளியில் 5 குழந்தைகள் இறந்தார்கள். 1998இல் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் சுட்டவர்களுக்கு வயது 11, 13.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள்; பிள்ளைகள் தப்பி ஓடி வருவது டிவியில் நேரலையாக ஓடியது. பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பழகிய பாடமாக அது ஆகிவிட்டது. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேர், பெரியவர்கள் 6 பேர். 2018இல் பார்க்லாண்டில் 17 பேர். 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். கீழே வரும் பதில்களில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

3. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காரணம் துப்பாக்கியா, மனநோயா, வளர்ப்பா?

ஒரே காரணம் சொல்கிறவரை நம்பாதீர்கள். அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 சம்பவங்களை, அவற்றில் சுட்ட 41 பேரை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. "இப்படிப்பட்டவன்தான் சுடுவான்" என்று ஒரு சாமுத்திரிகா லட்சணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். நன்றாகப் படித்தவனும் இருந்தான், தோற்றவனும் இருந்தான். தாய் தந்தை சேர்ந்திருந்த வீடும் உண்டு, பிரிந்த வீடும் உண்டு. நண்பர்கள் இருந்தவர்களும் உண்டு.

திரும்பத் திரும்பத் தெரிந்தவை சில: பெரிய இழப்போ அவமானமோ நேர்ந்திருந்தது, முக்கால்வாசிப் பேருக்குமேல் முன்பே தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது, "உலகம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது" என்ற கணக்கு மனதில் ஓடியது, துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தது. இவை எல்லாம் ஒன்றுகூடும்போதுதான் விபரீதம். ஒன்றை உருவிவிட்டாலே பல சம்பவங்கள் நடக்காமல் போகும். விவாதத்தில் ஆளுக்கொரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் சொல்வது பொய் என்கிறார்கள். டிவியில் அப்படித்தான் பேசவைப்பார்கள்.

4. புத்தி சரியாக இருக்கிறவன் குழந்தைகளைச் சுடுவானா? அப்புறம் எப்படி மனநோய்தான் காரணம் என்று சொல்ல மறுக்கிறீர்கள்?

மனம் நொந்துபோயிருந்தான் என்பது வேறு, நோய் இருந்தது என்பது வேறு. மருத்துவர் பெயர் வைத்துச் சொல்லும் கடுமையான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, அடிபடுகிறவர்கள்தான் அதிகம். மனநோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது. பள்ளிப் படுகொலை இந்த அளவுக்கு இங்கே மட்டும்தான்.

ஆனாலும் மனநலத்துக்கு இதில் இடமே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறு. வர்ஜீனியா டெக்கில் சுட்டவனைப் பற்றி, "தனக்கே ஆபத்தானவன், சிகிச்சை எடுக்க வேண்டும்" என்று 2005இலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. அந்த உத்தரவு, துப்பாக்கி வாங்க வருபவரைச் சரிபார்க்கும் தேசியப் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை, கடையில் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை, இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினான். மாநிலங்கள் இந்தத் தகவல்களை ஒழுங்காக அனுப்ப வைப்பதற்கான சட்டம் 2008 ஜனவரியில்தான் வந்தது.

5. வீடியோ கேம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார்.

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் கேமிலேயே கிடக்கிறார்கள், அங்கே இது நடப்பதில்லை. வன்முறை கேமுக்கும் துப்பாக்கிச் சூடு போன்ற கொடிய வன்முறைக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது. பேரன் தூக்கம் கெட்டு விளையாடுகிறான் என்றால் அதற்காகக் கண்டிக்கலாம். மாமனார் அதுவரை சரி.

6. கேலி கிண்டல் தாங்காமல் பழி வாங்குகிறார்கள் என்றுதானே படித்தோம்?

பாதி உண்மை. 3இல் சொன்ன அறிக்கையில் பத்தில் ஏழு பேர் தாங்கள் சீண்டப்பட்டதாக உணர்ந்திருந்தார்கள். சீண்டப்படும் பிள்ளைகளோ லட்சக்கணக்கில். அவர்களில் சுடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு.

கொலம்பைனைப் பற்றி முதல் வாரத்தில் பரவிய கதை, ஒதுக்கப்பட்ட இரண்டு பையன்கள் விளையாட்டு வீரர்களைப் பழிவாங்கினார்கள் என்பது. விசாரணையில் தெரிந்தது வேறு. அவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். உணவுக்கூடத்தில் வெடிகுண்டு வைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்வதுதான் அவர்களுடைய மூலத் திட்டம், குண்டு வெடிக்கவில்லை. யார் சாகிறார்கள் என்பதே அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. ஆனால் முதலில் வந்த கதைதான் நிலைத்தது. பின்னால் வந்த சிலர் அந்தக் கதையை நம்பி அவர்களை வீரர்களாகவே பார்த்தார்கள்.

7. மற்ற நாடுகளில் இது நடப்பதே இல்லையா?

நடந்திருக்கிறது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஆசிரியையும். ஜெர்மனியில் 2002இல் எர்ஃபர்ட், 2009இல் வின்னெண்டன். ஃபின்லாந்தில் 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு. 2023 மே மாதம் செர்பியாவின் பெல்கிரேடில் 13 வயதுச் சிறுவன் அப்பாவின் துப்பாக்கியால் 9 மாணவர்களையும் காவலாளியையும் கொன்றான். 2025 ஜூனில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 10 பேர். கோபமும் வெறுமையும் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியவை இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. டன்பிளேனுக்கு அடுத்த ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது; அதன்பின் அங்கே இப்படி ஒரு பள்ளிப் படுகொலை நடக்கவில்லை. செர்பியா பொதுமன்னிப்பு அறிவித்துப் பல்லாயிரம் ஆயுதங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எனக்கு மறக்க முடியாத ஒப்பீடு ஒன்று உண்டு. சாண்டி ஹூக் நடந்த அதே 2012 டிசம்பர் 14 அன்று, சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தையும் சாகவில்லை. "துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தி எடுப்பான்" என்று வாதிடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். எடுப்பான்தான், ஆனால் அன்று அங்கே எல்லாப் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள்.

8. இவ்வளவு தெரிந்தும் இங்கே ஏன் தடை செய்ய முடியவில்லை?

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம்தான் காரணம், 1791இல் சேர்த்தது. அது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்புச் சொன்னது, 2022இல் அந்த உரிமையை இன்னும் வலுப்படுத்தியது. ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். 2018 மதிப்பீட்டில் பொதுமக்களிடம் 39 கோடி. நாளைக்கே விற்பனையை நிறுத்தினாலும் இவை பீரோவில்தான் இருக்கும். செனட்டில் பெரும்பான்மை மட்டும் போதாது, 60 வாக்கு வேண்டும். சாண்டி ஹூக்குக்குப் பிறகு பின்னணிச் சோதனையை விரிவாக்கும் யோசனை 2013 ஏப்ரலில் 54–46 என்று வந்தும் விழுந்தது அப்படித்தான்.

துப்பாக்கி உரிமை பேசுகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிராமப்புறத்தில் போலீஸ் வர அரை மணி நேரம் ஆகும் வீடுகள் இருக்கின்றன. வேட்டை தலைமுறை வழக்கம். பொறுப்பாக வைத்திருப்பவர்களே அதிகம். 1994 முதல் 2004 வரை சிலவகைத் தாக்குதல் ரைஃபிள்களுக்குத் தடை இருந்தது, கொலம்பைன் அந்தக் காலத்தில்தான் நடந்தது என்று அவர்கள் சுட்டிக்காட்டுவது சரியான தகவல். ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. பார்க்லாண்டுக்குப் பிறகு குடியரசுக் கட்சி ஆண்ட ஃபுளோரிடாவே துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் இரு கட்சியும் சேர்ந்து, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாங்க வந்தால் கூடுதலாகச் சோதிக்கும் சட்டத்தை நிறைவேற்றின.

9. சுட்டவன் பெயரை ஏன் சொல்வதில்லை? மறைத்தால் விஷயம் புரியுமா?

கொலம்பைனில் சுட்ட இருவரின் பெயரையும் படத்தையும் தேடிச் சேகரித்தவர்கள் பின்னாளில் சுட்டவர்களில் பலர். பெயர் கிடைக்கும் என்பதே சிலருக்குத் தூண்டுதல். அதனால்தான் பலியானவர்களின் குடும்பங்கள் ஊடகங்களிடம் பெயரைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கின்றன. வயது, துப்பாக்கி வந்த வழி, முன்பே கிடைத்த எச்சரிக்கை இவற்றை மறைக்கச் சொல்லவில்லை. ஆராய்கிறவருக்குப் பெயர் தேவைப்படலாம். நமக்குத் தேவையில்லை.

10. வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்றால் போதாதா? நம் ஊரில் பேங்க் வாசலில் நிற்கிறார்களே?

கொலம்பைனில் ஆயுதம் ஏந்திய காவலர் இருந்தார், சுட்டவர்களோடு துப்பாக்கிச் சண்டையே நடந்தது. பார்க்லாண்டில் இருந்தவர் கட்டடத்துக்கு வெளியே நின்றுவிட்டார். யுவால்டிக்கு வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. மினசோட்டாவின் ரெட் லேக்கில் 2005இல் மெட்டல் டிடெக்டர் இருந்தது. அதன் அருகில் ஆயுதமில்லாமல் நின்ற காவலரைச் சுட்டுவிட்டு அந்தப் பையன் உள்ளே போனான். அவன் கையில் இருந்தது போலீஸ்காரரான தாத்தாவின் துப்பாக்கி.

1980 முதல் 2019 வரையான 133 சம்பவங்களை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்ததால் உயிர்ச்சேதம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. ஆபத்தான பள்ளிகளில்தான் காவலர் அதிகம் வைப்பார்கள், அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்ற மறுப்பும் நியாயமானதே. எனக்குப் படுவது இதுதான்: பேங்க் கொள்ளைக்காரன் பணத்தோடு தப்பிக்க நினைப்பவன், காவலரைப் பார்த்தால் தயங்குவான். சாகவே வருகிறவன் எதற்குத் தயங்குவான்?

அதற்காகக் காவலரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023இல் நாஷ்வில் பள்ளியில் போலீஸ் தயங்காமல் நேராக உள்ளே போய், முதல் அழைப்பு வந்த சுமார் 14 நிமிடத்தில் தாக்குதலை முடித்தது. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அபாலாச்சி உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக் காவலர்கள் எதிரே வந்ததும் 14 வயதுப் பையன் சரணடைந்தான். அதற்குள் நாலு பேர் இறந்திருந்தார்கள்.

11. ஆசிரியர்கள் கையிலேயே துப்பாக்கி கொடுத்துவிட்டால்?

சில மாநிலங்களில் அனுமதி இருக்கிறது. ஒஹாயோவில் முன்பு இதற்கு 700 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டும். 2022இல் அதை அதிகபட்சம் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே குறி தவறாமல் சுடுவது முழுநேரப் போலீசுக்கே கஷ்டம். உள்ளே வரும் போலீசுக்கு, துப்பாக்கியோடு நிற்பவர் ஆசிரியரா ஆபத்தானவரா என்று எப்படித் தெரியும்? வகுப்பறையில் ஒரு துப்பாக்கி ஆண்டு முழுவதும் இருக்கும். அது தேவைப்படும் நாள் பெரும்பாலும் வராது. யாராவது எடுத்துவிடும் நாள் வரலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

12. லாக்டவுன் ட்ரில் முடிந்து வந்த என் மகள் ராத்திரி தூங்கவில்லை. ஆறு வயசுக் குழந்தைக்கு இது தேவையா?

கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் ஓரமாக உட்காருவது தேவை. பூட்டிய வகுப்பறைக் கதவு உயிரைக் காப்பாற்றும் என்பதுதான் சாண்டி ஹூக்குக்குப் பிறகு அமைத்த ஆலோசனைக் குழு அழுத்திச் சொன்னது. யுவால்டியில் சுடப்பட்ட ஒரு வகுப்பறையின் பூட்டு சரியில்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். கோடிக்கணக்கில் செலவு செய்து கேமரா வாங்கும் பள்ளி, பூட்டைச் சரி செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

முகமூடிக்காரர் நடிப்பு, பொய் ரத்தம், சொல்லாமல் கொள்ளாமல் நடத்துவது இவையெல்லாம் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2020இல் இதை எச்சரித்தது. ட்ரில் எந்த நாளில், எப்படி நடக்கும் என்று முன்பே தெரிவிக்கச் சொல்லிப் பிரின்சிபாலுக்கு ஒரு மெயில் போடலாம். மகளிடம் "தீயணைப்பு ட்ரில் மாதிரி இதுவும் ஒன்று, டீச்சர் சொல்வதைக் கேட்டால் போதும்" என்று சொன்னால் போதும். யுவால்டி கதையெல்லாம் அந்த வயதுக்கு வேண்டாம்.

13. முன்பே தெரிந்தால் தடுக்கலாம் என்கிறீர்கள். யாருக்குத்தான் முன்பே தெரியப்போகிறது?

பெரும்பாலும் யாருக்காவது தெரிந்திருக்கிறது. 3இல் சொன்ன 2002 அறிக்கையின் முக்கியமான வரி இதுதான்: 81 சதவீதச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது திட்டம் முன்பே தெரியும். பெரும்பாலும் நண்பர், பள்ளித் தோழர், உடன்பிறந்தவர். திடீரென்று "வெடித்து" யாரும் சுடுவதில்லை. நாள் கணக்கில், மாதக் கணக்கில் யோசிக்கிறார்கள், எங்காவது உளறுகிறார்கள், எழுதுகிறார்கள், வரைகிறார்கள். ரகசியச் சேவை 2021இல் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களை ஆராய்ந்தது. பெரும்பாலும் சக மாணவர்கள் வாய் திறந்ததால்தான் அவை நின்றன. தடுக்கப்பட்டவை தலைப்புச் செய்தி ஆவதில்லை என்பதால் நமக்கு எல்லாமே தோல்வியாகத் தெரிகிறது.

சொல்லியும் தோற்ற இடங்கள் உண்டு. பார்க்லாண்ட் பையனைப் பற்றி 2018 ஜனவரியில் எஃப்பிஐக்கு ஒருவர் போன் செய்து தெளிவாகச் சொன்னார். தகவல் உள்ளூர் அலுவலகத்துக்குப் போகவில்லை. அபாலாச்சி பையனை, ஆன்லைன் மிரட்டல் தொடர்பாக 2023 மே மாதமே போலீஸ் வீட்டுக்குப் போய் விசாரித்தது. மிஷிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 காலையில், துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து "உதவி செய்யுங்கள்" என்று எழுதியிருந்த 15 வயதுப் பையனின் தாளை ஆசிரியர் பார்த்தார். கவுன்சிலர் பெற்றோரை வரவழைத்தார். அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போக மறுத்தார்கள். பையைத் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி பையில்தான் இருந்தது. அன்று நாலு மாணவர்கள் இறந்தார்கள்.

இந்த இடைவெளிக்காகத்தான் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு என்ற ஏற்பாடு. பிரின்சிபால், கவுன்சிலர், உளவியலாளர், போலீஸ் சேர்ந்து உட்கார்ந்து, சொன்னது வெறும் கோபமா, திட்டமா, கையில் ஆயுதம் கிடைக்குமா என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று முடிவு செய்வார்கள். 2013இல் வர்ஜீனியாதான் இதை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் முதலில் கட்டாயமாக்கியது. பிள்ளையை உடனே வெளியேற்றுவது சுலபம், ஆனால் வீட்டில் தனியாக, இன்னும் கோபமாக இருப்பவனை அப்புறம் யார் பார்ப்பது?

14. பிள்ளை செய்ததற்கு அப்பா அம்மாவை ஜெயிலில் போடுவது எந்த ஊர் நியாயம்?

13இல் வரும் ஆக்ஸ்ஃபோர்டு வழக்கில் சம்பவத்துக்குச் சில நாள் முன்புதான் அப்பா அந்தக் கைத்துப்பாக்கியை மகனுக்காக வாங்கினார். முந்தைய நாள் வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடியதாகப் பள்ளி சொன்னபோது, மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகு என்ற தொனியில் அம்மா மகனுக்குச் செய்தி அனுப்பினார். 2024இல் இருவருக்கும் கொலையாகாத மரணக் குற்றத்துக்கு (கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் உயிர் போகக் காரணமாக இருந்த குற்றம்) 10 முதல் 15 ஆண்டு தண்டனை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பெற்றோர் இருவரும் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் முதல் முறை. அபாலாச்சியில், போலீஸ் வந்து விசாரித்த பிறகும் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ரைஃபிள் வாங்கிக் கொடுத்த அப்பா மீதும் வழக்குப் போட்டார்கள்.

எல்லாப் பெற்றோரையும் இப்படி நிறுத்த முடியாது. டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளியில் 2018இல் நடந்ததற்குப் பெற்றோர் பொறுப்பில்லை என்று 2024இல் இழப்பீட்டு வழக்கில் நடுவர் குழு (ஜூரி) சொன்னது. மகனின் மனதுக்குள் இருந்தது தெரியவில்லை என்று ஒரு தாய் சொன்னால் நான் நம்புவேன். துப்பாக்கி எங்கே இருந்தது தெரியவில்லை என்றால் நம்ப மாட்டேன்.

15. எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது. அப்புறம் எங்களுக்கு இதில் என்ன வேலை?

2008 முதல் 2017 வரையான பள்ளித் தாக்குதல்களில் துப்பாக்கி எடுத்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து கிடைத்தது. அந்த வீடு உங்கள் மகன் சனிக்கிழமை விளையாடப் போகும் வீடாகவும் இருக்கலாம். நம் தமிழ்க் குடும்பங்களிலும் சிலர் இப்போது பாதுகாப்புக்கென்று வாங்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை. வைத்திருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி, சாவியோ எண்ணோ பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கவேண்டும். புடவைக்கு அடியில் வைப்பது ஒளித்து வைப்பது, பூட்டி வைப்பது இல்லை. பிள்ளைகள் எட்டாதபடி வைக்கவேண்டும் என்ற சட்டங்கள் இளையோர் தற்கொலையையும் விபத்தையும் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறீர்கள். நிலக்கடலை அலர்ஜியைச் சொல்வதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: "இவனுக்குக் கடலை ஆகாது. நீச்சல் குளம் இருக்கிறதா? துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கிறது?" அமெரிக்கப் பெற்றோர் பெரும்பாலும் கோபிப்பதில்லை. கோபித்தால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.

16. "நாளைக்கு ஸ்கூலுக்கு வராதே" என்று ஒரு பையன் மெசேஜ் அனுப்பியதாக மகன் காட்டுகிறான். விளையாட்டுக்குச் சொல்லியிருந்தால்? போலீஸ் வந்து அந்தப் பையன் வாழ்க்கையே போய்விடாதா?

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015இல் டெக்சாஸின் இர்விங்கில் 14 வயது முஸ்லிம் மாணவன் வீட்டில் செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனான், வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று கைவிலங்கு போட்டார்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் நேரும். மிரட்டலைக் கடுங்குற்றமாக்கிய மாநிலங்களில் சின்னப் பிள்ளைகளைக்கூடக் கைது செய்கிறார்கள்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விளையாட்டா நிஜமா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையும் இல்லை, உங்கள் மகன் வேலையும் இல்லை. 13இல் சொன்ன குழு இருப்பதே அதற்குத்தான். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; பெயரோடு பரவினால்தான் அந்தப் பையன் வாழ்க்கை நிஜமாகவே கெடும். இன்றோ நாளையோ என்று குறிப்பிட்டிருந்தால், அல்லது ஆயுதத்தின் படம் இருந்தால், நேராக 911 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பிரின்சிபாலுக்கோ கவுன்சிலருக்கோ. பெயர் சொல்லத் தயக்கம் என்றால் பல மாநிலங்களில் ரகசியமாகத் தகவல் சொல்லும் போன் எண்ணும் செயலியும் இருக்கின்றன. கொலராடோவின் 'சேஃப் டு டெல்' கொலம்பைனுக்குப் பிறகு வந்தது. பேசும்போது நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "அவன் எப்பவுமே ஒரு மாதிரி" என்று சேர்க்க வேண்டாம். "அவன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள்" என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால், நீதிபதி உத்தரவோடு கொஞ்ச காலத்துக்கு அதை எடுத்து வைக்கும் சிவப்புக் கொடிச் சட்டம் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மகனிடம், நீ காட்டிக்கொடுக்கவில்லை, அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னாய் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பள்ளியைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். முழு விவரம் தர மாட்டார்கள். கவனித்தார்களா இல்லையா என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.